ராத்திரி 10 மணிக்கு உங்க வீட்டுக்காரம்மா அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேருவாங்க?

கேள்வி: சார் வணக்கம். எனக்கு 34 வயசு. கிண்டி எஸ்டேட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன். மனைவி குரோம்பேட்டைல ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன், மாசத்துல பாதி நாள் மதியம் ஷிப்ட், முடிய ராத்திரி 9 ஆகும். ரெண்டு பேருக்கும் சேர்த்து கைக்கு 78,000 வருது. நங்கநல்லூர்ல 16,000 வாடகை குடுக்குறோம். பையனுக்கு 4 வயசு, எங்கம்மா கூட இருக்காங்க. கையில 12 லட்சம் சேர்த்து வச்சிருக்கோம். மூணு இடம் பாத்திருக்கோம். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல இருந்து 5 கிலோமீட்டர் உள்ள, நெல்லிக்குப்பம் ரோட்டுப் பக்கம், கட்டிட்டு இருக்குற ஃபிளாட், 1,000 சதுர அடி, 44 லட்சம். முடிச்சூர் பக்கம் 2013ல கட்டுன தனி வீடு, 49 லட்சம். திருநின்றவூர்ல புது தனி வீடு, 40 லட்சம். கூடுவாஞ்சேரி புரோக்கர் மெட்ரோ வருது, ரெண்டே வருஷத்துல விலை டபுள் ஆகும், 2.67 லட்சம் மானியம் வேற கிடைக்கும், வெள்ளிக்கிழமைக்குள்ள 2 லட்சம் டோக்கன் போட்டுடுங்கனு சொல்றார். எங்க சம்பளத்துக்கு எந்த ஏரியா சரியா வரும்?

பதில்:

வணக்கம் தம்பி. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், வெள்ளிக்கிழமை டோக்கன் போடாதீங்க. மத்ததெல்லாம் பொறுமையா பேசுவோம்.

நான் சிவில் இன்ஜினியர், பேங்க் பேனல்ல வேல்யூயரா இருக்கேன், 19 வருஷமாச்சு. வீட்டு லோன் அப்ளிகேஷன் போட்டா பேங்க் ஒரு ஆளை அனுப்பி வீட்டை அளந்து மதிப்பு போட்டுட்டு வரச் சொல்லும்ல, அந்த ஆள் நான்தான். செங்கல்பட்டுல இருந்து திருவள்ளூர் வரைக்கும் தெரு தெருவா டேப்பும் கையுமா சுத்தியிருக்கேன். வீட்டுல குடி வந்து ரெண்டு மூணு வருஷம் கழிச்சு டாப்-அப் லோனுக்கு, அதாவது அதே வீட்டு மேல கூடுதலா கேக்குற கடனுக்கு, மறுபடி அதே வீட்டுக்கு போவேன், அப்பதான் அந்த குடும்பம் அங்க எப்படி இருக்குதுனு தெரியும். முதல் தடவை சிரிச்ச முகமா காபி குடுத்தவங்க ரெண்டாவது தடவை, "இந்த ஏரியாவுல வித்தா என்ன சார் போகும்"னு கேப்பாங்க. வீட்டுல குறை இருந்து அப்படி கேக்குறவங்க கம்மி. ஊரைத் தப்பா எடுத்துட்டோம்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி.

உங்க லெட்டர்ல மூணு வீட்டோட விலையும் இருக்கு, புரோக்கர் சொன்னது எல்லாம் இருக்கு, ஆனா மதியம் ஷிப்ட் முடிஞ்சு உங்க மனைவி அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேருவாங்கனு ஒரு வரி கூட இல்ல. நான் அதுல இருந்துதான் ஆரம்பிப்பேன். 9 மணிக்கு ஷிப்ட் முடிஞ்சா சாம்பிள் ஒப்படைச்சு கையெழுத்து போட்டு வெளிய வர்றப்போ 9.15, குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்து வந்து நின்னா 9.30. அங்க வர்ற வண்டியில பாதி தாம்பரத்தோட நின்னுடும். செங்கல்பட்டு வரைக்கும் போற வண்டி அந்த நேரத்துல இடைவெளி விட்டுத்தான் வரும், அதுக்கு காத்திருந்து ஏறி கூடுவாஞ்சேரில இறங்குறப்போ 10 மணி தாண்டிடும். அதுக்கப்புறம் 5 கிலோமீட்டர். பகல்ல நீங்க சைட் பாக்க போனப்ப ஷேர் ஆட்டோ நிறைய ஓடியிருக்கும், ராத்திரி 10 மணிக்கு அதே ரோட்டுல ஆள் சேரலைனு ஆட்டோக்காரர் கிளம்பவே மாட்டார். அப்போ நீங்க அந்த ஷிப்ட் நாள்ல எல்லாம் பைக் எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வந்து நிக்கணும், இல்ல அவங்க ஒரு ஸ்கூட்டி வாங்கி ஸ்டேஷன் ஸ்டாண்டுல போட்டுட்டு லைட் இல்லாத ரோட்டுல தனியா வரணும். மழைக்காலத்துலயும் இதே கதைதான். இதை ஒரு வாரம் செய்யலாம், 20 வருஷம் செய்ய முடியாது தம்பி, கொஞ்ச நாள்ல அவங்க வேலையை விட்டுடுவாங்க. அந்த 78,000ல அவங்க சம்பளம் போச்சுன்னா இஎம்ஐ எங்க இருந்து வரும்? நான் பாத்த நிறைய வீட்டுல நடந்தது இதுதான், தூரமா விலை கம்மியா வாங்குனாங்க, ஒரு சம்பளம் நின்னுச்சு, வீடு பாரமாச்சு.

அதனால ஏரியா தேடுறப்போ முதல்ல ஸ்டேஷன், அப்புறம் தெரு, கடைசியா வீடு, இந்த வரிசையில போங்க. நீங்க வீட்டுல இருந்து ஆரம்பிச்சு ஊருக்கு வந்திருக்கீங்க.

இப்போ காசு விஷயம். கூடுவாஞ்சேரி ஃபிளாட் 44 லட்சம்னு சொல்றாங்க, உங்க கையில 12 இருக்கு, மீதி 32 லோன் போட்டுக்கலாம்னு மனசுல கணக்கு வச்சிருப்பீங்க. அப்படி இல்ல. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா பேங்க் மதிப்புல 80 சதவீதம்தான் குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி, பத்திரச் செலவை அந்த மதிப்புல சேர்க்கவும் கூடாது. அப்போ 44ல 80 சதவீதம் 35 லட்சம் சொச்சம் லோன், 8.8 லட்சம் உங்க கைக்காசு. புது ஃபிளாட் பத்திரத்துக்கு 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4, பதிவுக்கட்டணம் 2, ஆக 6 சதவீதம், அது சுமார் 2.64 லட்சம். கட்டிட்டு இருக்குற ஃபிளாட்ங்கிறதால ஜிஎஸ்டி வேற உண்டு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. சென்னை பெருநகர எல்லைக்குள்ள, விலை 45 லட்சத்துக்குள்ளயும் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ள நடமாடுற இடம், 60 சதுர மீட்டருக்குள்ளயும் இருந்தா ஜிஎஸ்டி 1 சதவீதம், அதைத் தாண்டுனா 5. 60 சதுர மீட்டர்ங்கிறது சுமார் 645 சதுர அடி. உங்களுக்கு சொன்ன 1,000 சதுர அடி சூப்பர் பில்டப், மாடிப்படி, லிஃப்ட், காரிடார் எல்லாத்தையும் சேர்த்து சொல்றது, உள்ள நடமாடுற இடம் 700 வந்தா பெருசு. 700ன்னா 5 சதவீதம், அதாவது 2.2 லட்சம். 640ன்னா 44 ஆயிரம்தான். இதை புரோக்கர் உங்ககிட்ட சொன்னாரா? சொல்லலைனா கார்பெட் ஏரியாவை எழுத்துல வாங்குங்க, ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியாவை சொல்லித்தான் விக்கணும்.

கூட்டிப் பாருங்க, 8.8, 2.64, 2.2, மொத்தம் 13.64 லட்சம். உங்ககிட்ட இருக்குறது 12. இன்னும் கார் பார்க்கிங், இபி டெபாசிட், அசோசியேஷனுக்கு கட்டுற கார்பஸ் நிதி, கிச்சன்ல கப்போர்டு, ஃபேன், லைட், கிரகப்பிரவேசம்னு எதுவும் சேர்க்கல. அப்புறம் பில்டிங் முடியற வரைக்கும் நங்கநல்லூர் வாடகையும் குடுக்கணும், பேங்க் ரிலீஸ் பண்ண பணத்துக்கு வட்டியும் கட்டணும், 20 லட்சம் ரிலீஸ் ஆயிருந்தா 8.5 சதவீதத்துல மாசம் 14,000 சொச்சம். வாடகையோட சேர்த்து 30,000, அதுவும் வீட்டுக்குள்ள காலடி வைக்காமலே. கட்டி முடிக்க ஆறு மாசம் லேட் ஆனாலும் உங்க பாடுதான்.

மானியம் 2.67 லட்சம்னு சொன்னார்ல, அது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தோட பழைய வட்டி மானியம், 2022 மார்ச்சோட அந்த கதை முடிஞ்சுது. 2024ல வந்த புது திட்டத்துல வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள இருக்கணும், வீட்டு விலை 35 லட்சத்துக்குள்ள இருக்கணும், கிடைக்கிறதும் அதிகபட்சம் 1.8 லட்சம், அதையும் அஞ்சு தவணையாதான் தருவாங்க. உங்க ரெண்டு பேர் வருமானமும் சேர்ந்தா 9 லட்சம் தாண்டுது, வீடும் 35 தாண்டுது. அது உங்களுக்கு இல்ல, கணக்குல இருந்து எடுத்துடுங்க. முடிஞ்சு போன மானியத்தைக் காட்டி டோக்கன் கேக்குற ஆள் மத்த விஷயத்துல என்ன சொல்லுவார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மெட்ரோ சமாச்சாரமும் அப்படித்தான். விமான நிலையத்துல இருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் சுமார் 15.5 கிலோமீட்டர் நீட்டிப்பு திட்டத்துல இருக்கு, உண்மைதான். ஆனா கிளாம்பாக்கத்தைத் தாண்டி, ஊரப்பாக்கத்தைத் தாண்டி, கூடுவாஞ்சேரி வந்து, அங்க இருந்து 5 கிலோமீட்டர் உள்ள போனாத்தான் உங்க ஃபிளாட். நம்ம ஊர்ல வரப்போகுதுங்கிறதுக்கும் வந்தாச்சுங்கிறதுக்கும் நடுவுல எத்தனை வருஷம் ஓடும்னு வேளச்சேரிக்காரங்களைக் கேளுங்க. வேளச்சேரியில இருந்து பரங்கிமலைக்கு பறக்கும் ரயில் வெறும் 5 கிலோமீட்டர், 2008ல வேலை ஆரம்பிச்சாங்க, கடைசி 500 மீட்டர் நிலம் எடுக்குற வழக்குல வருஷக்கணக்கா அப்படியே நின்னுச்சு, ஸ்டேஷன் வந்துடும்னு நம்பி ஆதம்பாக்கத்துல வாங்குன எத்தனையோ பேர் ஷேர் ஆட்டோவுலயே காலத்தை ஓட்டுனாங்க. கிளாம்பாக்கத்துலயே பாருங்க, பஸ் ஸ்டாண்டு 2023 டிசம்பர் கடைசியில திறந்தாச்சு, ரயில்வே ஸ்டேஷன் கூடவே வரல, ஜனங்க பெட்டியைத் தூக்கிட்டு அல்லாடுனாங்க. அதனால இன்னைக்கு ஓடுற ரயில், இன்னைக்கு வர்ற பஸ், இதை மட்டும் கணக்குல எடுங்க. நாளைக்கு வர்றது வந்தா லாபம், அதுக்கு இப்பவே காசு குடுக்காதீங்க.

அடுத்து முடிச்சூர். இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா அங்க நல்ல தெருவும் இருக்கு, என் ஃபிரெண்ட்ஸே ரெண்டு பேர் இருக்காங்க. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் முங்குனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மொட்டை மாடியில நின்னவங்களை படகுல ஏத்திட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் மூடு கால்வாய் எல்லாம் போட்டாங்க, ஆத்தை அகலப்படுத்துனாங்க, கொஞ்சம் பரவாயில்லதான். ஆனா 2023 மிக்ஜாம் புயல்லயும் தாழ்வான தெருவுக்குள்ள தண்ணி வந்துச்சு. உங்க வீடு 2013ல கட்டுனது, அப்படின்னா அந்த சுவர் 2015ஐ பாத்திருக்கு. நீங்க அந்த சுவர்கிட்டயே கேக்கலாம்.

எப்படினு சொல்றேன். சில வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஒரு வீடு மதிப்பு போட போனேன். வாங்குறவரும் கூட வந்திருந்தார், இளைஞர், உங்க வயசுதான் இருக்கும். வீடு பளபளனு புது பெயிண்ட், உள்ள கால் வச்சா வழுக்குற டைல்ஸ். ஓனர் இங்க தண்ணியே வராது சார்னு சொல்லிட்டே இருந்தார். நான் இபி மீட்டர் எங்கன்னு கேட்டேன். என் தலைக்கு மேல இருந்துச்சு, பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான், எதிர் வீட்டுலயும் அப்படித்தான். சாதாரணமா கண் மட்டத்துல இருக்குற மீட்டரை ஒரு தெருவே சேர்ந்து எதுக்கு தூக்கி மாட்டணும்? பின்னாடி போய் மோட்டார் ரூம் கதவைத் திறந்தேன், அங்க பெயிண்ட் அடிக்க மறந்துட்டாங்க, சுவத்துல இடுப்பு உயரத்துல பழுப்பு நிறமா ஒரு கோடு, நூல் பிடிச்ச மாதிரி நாலு சுவத்துலயும் ஓடுது. நகத்தால சுரண்டுனா காஞ்ச வண்டல் மண்ணு உதிருது. வெளிய வந்தா எதிர் வீட்டு திண்ணையில ஒரு பாட்டி கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க, மழைத்தண்ணி எவ்வளவு வரும் பாட்டினு கேட்டேன், வாயைத் திறந்து எதுவும் சொல்லல, கீரைக் கையாலயே நெஞ்சுக்கு நேரா ஒரு கோடு போட்டு காமிச்சாங்க. அந்தப் பையன் முகம் அப்படியே மாறிடுச்சு, அதுக்குள்ள அஞ்சு லட்சம் அட்வான்ஸ் குடுத்திருந்தார், திரும்ப வாங்க ஏழெட்டு மாசம் அலைஞ்சார்.

நீங்களும் இதைச் செய்யுங்க. மீட்டர் பாக்ஸ், மோட்டார் ரூம், மாடிப்படிக்கு கீழ, கேட்டோட பின்பக்கத் துரு, இந்த நாலு இடத்துல யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. தெரு உயரத்தையும் வீட்டு தளத்தையும் பாருங்க, ரோடு மேல ரோடு போட்டு வீடு பள்ளத்துல கிடக்குதானு. கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் போட்டா அந்த இடத்தோட பழைய படங்களை வருஷம் வருஷமா பின்னாடி தள்ளி பாக்கலாம், 20 வருஷத்துக்கு முன்னாடி அது வயலா, ஏரியோட வாலா, மேட்டு நிலமானு தெரிஞ்சிடும். சர்வே நம்பரை வாங்கி அரசாங்கத்தோட இ-சர்வீசஸ் சைட்ல பட்டாவும், நிலம் என்ன வகைனு சொல்ற அ-பதிவேடும் எடுத்துப் பாருங்க, புறம்போக்குனு இருந்தா அங்கேயே விட்டுடுங்க. தெருப் பேர், நகர் பேருல தாங்கல், ஏரிக்கரை, மதகுனு வந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை விசாரிங்க, நம்ம பெரியவங்க சும்மா பேர் வைக்கல, தாங்கல்னாலே சின்ன ஏரிதான்.

முடிச்சூர் வீட்டுக்கு காசு கணக்கும் இடிக்குது. பழைய வீட்டுப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 49 லட்சத்துக்கு 4.41 லட்சம். கைக்காசு 9.8. மொத்தம் 14 லட்சம் தாண்டிடுச்சு. ஓனர், பத்திரத்துல 35 மட்டும் போட்டுக்கலாம், செலவு மிச்சம்னு சொல்லுவார், கண்டிப்பா சொல்லுவார். ஒத்துக்காதீங்க. பேங்க் நான் போடுற மதிப்பு, உங்க பத்திர விலை ரெண்டுல எது கம்மியோ அதுக்குதான் லோன் குடுக்கும். 35க்கு 80 சதவீதம்னு வச்சா 28 லட்சம், மீதி 21 லட்சத்தை ரொக்கமா நீங்க எங்க இருந்து கொண்டு வருவீங்க?

திருநின்றவூரைப் பத்தி அதிகம் பேச வேண்டியதில்ல. நல்ல ஊர், சென்ட்ரல், அம்பத்தூர், ஆவடி பக்கம் வேலை இருக்குறவங்களுக்கு நான் தைரியமா சொல்லுவேன். உங்க குடும்பத்துக்கு ஆகாது. நீங்க சென்ட்ரல் வந்து, பார்க் ஸ்டேஷனுக்கு கடந்து போய், மறுபடி கிண்டிக்கு வண்டி பிடிக்கணும். உங்க மனைவி அதையும் தாண்டி குரோம்பேட்டை வரணும். அங்க 2021 மழையில ஏரியை ஒட்டுன நகர்கள்ல தண்ணி தேங்கி நின்னதும் உண்டு, அங்க வாங்குறவங்களுக்கும் முன்னாடி சொன்ன பரிசோதனை எல்லாம் பொருந்தும்.

ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு போக வர ஒரு மணி நேரம் கூடுச்சுன்னு வைங்க, மாசம் 25 நாள், ரெண்டு பேருக்கு 50 மணி நேரம். அந்த 50 மணி நேரத்தை உங்க 4 வயசு பையன்கிட்ட இருந்துதான் எடுப்பீங்க, வேற எங்க இருந்தும் எடுக்க முடியாது. உங்கம்மாவுக்கும் வயசாகுது, ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னா ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்ங்கிறதும் விலையில சேர்ந்ததுதான்.

சரி, எங்கதான் பாக்கறதுனு கேப்பீங்க. நான் உங்க இடத்துல இருந்தா தாம்பரம் சானடோரியத்துல இருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் ஸ்டேஷன்ல இறங்கி நடக்குற தூரத்துல மட்டும் தேடுவேன், அதுலயும் முதல்ல பெருங்களத்தூர். குரோம்பேட்டையில ஏறுனா சானடோரியம், தாம்பரம், அடுத்தது பெருங்களத்தூர், மூணாவது ஸ்டேஷன். கடைசி நேரத்துல செங்கல்பட்டு வண்டி தவறிப் போனாலும் தாம்பரத்துல இறங்கி ஜிஎஸ்டி ரோட்டுல, அதான் திருச்சி போற நெடுஞ்சாலையில, பஸ் பிடிச்சு வந்துடலாம். நீங்களும் நேரா கிண்டியில இறங்கிடலாம், வண்டி மாற வேண்டியதில்ல. மாச சீசன் டிக்கெட் செலவு பெட்ரோலோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. 2021ல இருந்து பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சியில சேர்ந்தாச்சு. ஆனா அங்கயும் எல்லா தெருவும் மேடு இல்ல, பீர்க்கன்காரணை ஏரிப் பக்கம், ஆத்துப் பக்கம் எல்லாம் தெருவுக்குத் தெரு வித்தியாசம் இருக்கு.

44 லட்சத்துக்கு அங்க புது ஃபிளாட் தேடாதீங்க. பத்து பதினஞ்சு வருஷ பழைய ஃபிளாட், 700, 750 சதுர அடி, ரெண்டு பெட்ரூம், விலை 38 லட்சத்துக்குள்ளன்னு வரையறை வச்சு தேடுங்க. பளபளப்பா இருக்காது, லிஃப்ட் இல்லாம கூட இருக்கலாம், அம்மாவுக்காக தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்க. பழைய பில்டிங்ல யுடிஎஸ் நல்லா கிடைக்கும், அதாவது நிலத்துல உங்க பங்கு, நாளைக்கு இடிச்சுக் கட்டுனாலும் உங்களுக்கு பேசுறதுக்கு பலம் அதுதான், பத்திரத்துல எத்தனை சதுர அடின்னு பாருங்க. அப்ரூவ்டு பிளானை கேளுங்க. ஸ்டில்ட், அதாவது தூண் மேல நிக்குற கார் பார்க்கிங் தளம், பிளஸ் மூணு மாடிக்கு அனுமதி வாங்கிட்டு நாலாவது மாடி ஏத்தியிருப்பாங்க, அந்த மேல் மாடி ஃபிளாட்தான் விலை கம்மியா உங்ககிட்ட வரும், நான் போய் பாத்துட்டு பிளான்ல இல்லனு எழுதுனா பேங்க் லோன் குடுக்காது. மேல் மாடின்னா சீலிங்ல ஈரக்கறை, பாத்ரூமுக்கு வெளிப்பக்க சுவர், ரெண்டையும் தொட்டுப் பாருங்க. வில்லங்கம் 30 வருஷத்துக்கு போடுங்க, தாய்ப்பத்திரத்துல இருந்து வக்கீல்கிட்ட குடுத்து ஒப்பீனியன் வாங்குங்க, பேங்க் வக்கீல் பாத்தா போதும்னு விட்டுடாதீங்க.

தண்ணியைப் பத்தி அசோசியேஷன் செக்ரட்டரியை கேட்டா நல்லா வருதுனுதான் சொல்லுவார். அவர்கிட்ட போன மே மாசத்து மெயின்டனன்ஸ் கணக்கை காட்டச் சொல்லுங்க, லாரித் தண்ணிக்கு எவ்வளவு போச்சுனு அதுல தெரிஞ்சிடும். 2019 கோடையில புறநகர்ல எத்தனையோ பில்டிங்ல தினம் லாரி வந்துதான் வாழ்ந்தாங்க. அப்புறம் கேன் தண்ணி போடுற தம்பியைப் பிடிங்க, அந்த தெருவுல எந்த பில்டிங்ல போர் தண்ணி உப்பு, எந்த வீட்டுக்காரங்க வித்துட்டு போகப் பாக்குறாங்க, மழையில எந்த முனை முங்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பாதாள சாக்கடை இருக்கா, இல்ல கழிவுநீர் லாரி கூப்பிடுறாங்களானும் கேட்டுக்கோங்க, பெரும்பாலும் லாரிதான் இருக்கும், அந்த செலவும் மாசக் கணக்குல வரும்.

38 லட்சத்துக்கு கணக்கு பாருங்க. கைக்காசு 7.6, பத்திரத்துக்கு 3.42, ஆக 11 லட்சம். 12ல 11 போயிட்டா மீதி ஒரு லட்சத்துல ரிப்பேர் வேலை, வக்கீல், ஷிஃப்டிங், அவசரத்துக்கு கையில ஒண்ணுமே இருக்காது. அதனால இந்த வருஷம் வாங்க வேண்டாங்கிறதுதான் என் கருத்து. உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்னு தெரியும், வாடகை குடுத்தே வயசாகுதுனு உங்கம்மா சொல்லிட்டு இருப்பாங்கனும் தெரியும். ஆனா நான் சொல்றது சும்மா உக்காந்திருக்க இல்ல. மழைக்கு முன்னாடி, ஆவணி புரட்டாசி வாக்குல பெருங்களத்தூர்ல ஸ்டேஷன் பக்கத்துல ஒரு வீடு வாடகைக்கு எடுத்து குடி போங்க, 11 மாச அக்ரிமென்ட். நங்கநல்லூரை விட வாடகை குறையும். ஐப்பசி கார்த்திகை மழையை அங்க இருந்தே பாத்துடுங்க, எந்த தெருவுல தண்ணி எத்தனை மணி நேரம் நிக்குது, கரண்ட் எப்ப வருது, உங்க மனைவி ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குள்ள வர்றாங்க, பையனுக்கு ஸ்கூல் எது, எல்லாம் ஒரு வருஷத்துல கையில ரேகை மாதிரி தெரிஞ்சிடும். சித்திரை வைகாசியில தண்ணி எப்படினும் பாத்துடலாம். மாசம் 25,000 ஒதுக்குனீங்கன்னா வருஷத்துல 3 லட்சம், கையில 15 ஆயிடும். அப்போ 38 லட்சத்து வீட்டுக்கு 30 லட்சம் லோன்ல நிறுத்திக்கலாம், 20 வருஷத்துக்கு 8.5 சதவீதத்துல இஎம்ஐ சுமார் 26,000, பத்திரம், ரிப்பேர் எல்லாம் போக ரெண்டு மூணு லட்சம் அவசரத்துக்கு நிக்கும். ஃப்ளோட்டிங் வட்டி லோனை முன்னாடியே கட்டுனா அபராதம் கிடையாது, போனஸ் வர்றப்போ அசல்ல போட்டு குறைச்சிடுங்க. ஒரு வருஷத்துல விலை ஏறிடும்னு பயமுறுத்துவாங்க. கொஞ்சம் ஏறட்டும், தப்பான தெருவுல மாட்டிக்கிறதை விட அது கம்மி நஷ்டம்தான்.

ரெண்டு பேர் பேருலயும் பத்திரம் போடுங்க, ரெண்டு பேர் சம்பளத்துல கட்டுற வீடு அது. உங்க மனைவியைக் கூட்டிட்டுப் போகாம இனிமே எந்த வீட்டையும் பாக்காதீங்க, அதுவும் பகல்ல போகாதீங்க. அவங்க ஷிப்ட் முடியற அன்னைக்கு ராத்திரி குரோம்பேட்டை ஸ்டேஷன்ல நீங்களும் நில்லுங்க, அதே வண்டியில ஏறி, அதே ஸ்டேஷன்ல இறங்கி, அந்த வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு பேரும் நடந்து போய் பாருங்க.

அந்த புரோக்கர் வியாழக்கிழமை போன் பண்ணுவார், ரேட் ஏறப்போகுதும்பார். ரெரா நம்பர், கார்பெட் ஏரியா, யுடிஎஸ், பிளான் அப்ரூவல் காப்பி எல்லாத்தையும் வாட்ஸப்ல அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்னு சொல்லுங்க. அக்ரிமென்டை ரெஜிஸ்டர் பண்ணாம விலையில 10 சதவீதத்துக்கு மேல பில்டர் வாங்கக்கூடாதுனு சட்டம் இருக்குங்கிறதையும் நினைவுல வச்சுக்கோங்க. அனுப்புனா எனக்கும் அனுப்புங்க, பாத்து எழுதுறேன்.